காணாத விமான நிலையத்துக்கு ஒரு வழிகாட்டி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் அமெரிக்காவைக் கண்டதில்லை. ஆனால் அங்கே இருக்கிற ஒரு விமான நிலையத்தைப் பற்றி நாற்பது பக்கக் கொப்பி ஒன்றை எழுதி முடித்தவன். எந்த ஊர் என்று கேட்காதீர்கள். பெயரைச் சொன்னால் அந்த ஊர்க்காரர் யாராவது வந்து, அங்கே அப்படி ஒரு படிக்கட்டே இல்லையே என்பார்கள். என் மனைவி ராஜலட்சுமி அதைக் கேட்டு ஒரு கிழமைக்குச் சிரிப்பாள். பெரியதுமில்லை, சின்னதுமில்லை, நடுத்தரமான ஒரு விமான நிலையம். அவ்வளவு காணும்.

எழுதியது என் அக்கா கனகாம்பிகைக்காக. 1993 ஆவணி மாதம். அக்கா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, லண்டன் பிளேஸ்டோவில் எங்கள் வீட்டில் மூன்று மாதமாக இருந்தார். அவருடைய ஒரே மகன் பாலேந்திராவுக்கு அமெரிக்காவில் கலியாணம். ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது நாற்பதுக்கு முகூர்த்தம். தாலிக்கொடி லண்டனில் செய்தது. கூறைச்சேலையும் இங்கேதான் வாங்கினோம். இரண்டும் அக்காவின் கையோடு போகவேண்டும்.

சனிக்கிழமை லண்டனில் ஏறி, அந்த நடுத்தர விமான நிலையத்தில் இறங்கி, குடிவரவு, சுங்கம் எல்லாம் கடந்து, சின்ன விமானம் ஒன்றில் ஏறி மகனின் ஊருக்குப் போகவேண்டும். இடையில் ஒரு மணி ஐம்பது நிமிடம். அந்தச் சின்ன விமானம்தான் அன்றைக்குக் கடைசி. அதை விட்டால் அடுத்தது ஞாயிறு மத்தியானம். தாலி மத்தியானம் போய்ச் சேர்ந்து யாருக்கு என்ன பயன்? அக்காவுக்குத் தெரிந்த ஆங்கிலமோ யெஸ், நோ, தேங்க்யூ. சரியாக மூன்று சொல்.

நீ கூடப் போயிருக்கலாமே என்பீர்கள். என்னிடம் இருப்பது அகதிகளுக்குக் கொடுக்கும் நீலநிறப் பயணப் புத்தகம். அதைத் தூக்கிக்கொண்டு அமெரிக்கத் தூதரகத்தின் வாசல்வரை போய், அங்கே நின்ற காவலாளியைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பி வந்தவன் நான். உத்தியோகத்தர்கள் என்றால் எனக்குக் கை வேர்க்கும். வெட்கமில்லாமல் ஒப்புக்கொள்கிறேன்.

சக்கர நாற்காலி கேட்டால் ஆட்களே தள்ளிக்கொண்டு போய் ஏற்றிவிடுவார்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அக்காவிடம் சொன்னேன்.

"உனக்கென்ன விசரே?" என்றார் அக்கா. "மாப்பிள்ளையின்ர தாய் தள்ளுவண்டியில போய் இறங்கிறதோ? சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பினம்? எனக்குக் கால் ரெண்டும் நல்லாத்தான் இருக்கு."

அதனால்தான் கொப்பி. விசா வருமோ வராதோ என்று பார்க்காமல் ஒரு மாதம் முந்தியே தொடங்கிவிட்டேன். தொடங்கிய பிறகு அது அக்காவுக்கான வேலை என்பதே சில நாட்களில் மறந்துபோகும். அப்படி ஓர் ஆவல் பிடித்துக்கொண்டது எனக்கு. நான் போகவே முடியாத ஓர் இடத்தில் எந்தப் பக்கம் படிக்கட்டு, எத்தனை கதவு, தண்ணீர் எங்கே குடிப்பது என்று அறிய அறிய இன்னும் அறியவேண்டும் போல இருந்தது.

முதலில் அகப்பட்டவன் சூசைதாசன். மன்னார்க்காரன், லண்டன் விமான நிலையத்தில் துப்புரவு வேலை. அமெரிக்க விமானங்களில் வேலை செய்கிறவர்களைத் தேநீர் நேரத்தில் மறித்து, நான் எழுதிக் கொடுத்த கேள்விகளைக் கேட்பதுதான் அவனுக்கு நான் போட்ட உத்தரவு.

"அண்ணை, ஆளை விடுங்கோ," என்றான் மூன்றாம் கிழமை. "கக்கூஸ் கதவுக்குக் கீழ ஏன் முழங்கால் அளவுக்கு இடைவெளி விட்டிருக்கிறாங்கள் எண்டு கேட்டதுக்கு அந்தப் பொம்பிளை என்னை ஒரு மாதிரிப் பாத்தவள்."

"மறுமொழி என்ன சொன்னவள்?"

"தெரியாதாம்."

தெரியாதாம்! பிறந்ததிலிருந்து அதற்குள் போய் வருகிறார்கள், ஒருநாளாவது யோசிக்கவில்லை. கொப்பியில், 'கதவுக்குக் கீழே கால் தெரியும். பயப்பட வேண்டாம். எல்லாருடைய காலும் தெரியும்' என்று எழுதினேன்.

இன்னும் என்னென்னவோ தெரியவந்தது. அவர்களுக்கு முதலாம் மாடி என்றால் தரைதான். குடிதண்ணீர் கீழே விழாது, மேலே பாயும். பொத்தானை அமத்திக்கொண்டு குனிந்து வாயைக் கொடுக்கவேண்டும். கட்டடத்திலிருந்து கட்டடத்துக்கு ஒரு றெயின் போகும், அதற்கு ட்றைவர் இல்லை. இதைக் கேட்டு அக்கா, "அப்ப ஆர் ஓட்டுறது?" என்று திடுக்கிட்டார். ஸ்ட்ராட்போர்டுக்குக் கூட்டிக்கொண்டு போய் அங்கிருந்து டொக்லண்ட்ஸ் றெயிலில் ஏற்றினேன். அதற்கும் ட்றைவர் இல்லை. அக்கா முன்னுக்கு இருந்துகொண்டு இரண்டு தரம் போய் வந்தார், மூன்றாம் தரமும் போவோமா என்று கேட்டார். நகரும் நடைபாதை பழக, பாங்க் என்ற சுரங்க றெயில் ஸ்டேசனுக்குப் போனோம். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகி, வலது காலை முன்வைத்து, கோயிலுக்குள் போகிற மாதிரி ஏறினார். பின்னால் வந்த கோட்டுப் போட்ட வெள்ளைக்காரர்கள் பொறுமையாக நின்றார்கள்.

எல்லாவற்றிலும் பெரிய செய்தி பெட்டியைப் பற்றியது. அதையும் சூசைதாசன்தான் கொண்டுவந்தான். மற்ற நாடுகளில் பெட்டி தன்பாட்டில் மாறிப் போகும். அமெரிக்காவில் முதலில் இறங்குகிற இடத்தில் நாங்களே எடுத்து, சுங்கத்தைக் கடந்து, மறுபடியும் ஒப்படைக்கவேண்டும். அதற்கு மட்டும் நாலு பக்கம் எழுதினேன், படமும் கீறினேன்.

ராஜலட்சுமி ஒருநாள் கொப்பியைப் புரட்டிப் பார்த்தாள். "இஞ்சருங்கோ, இந்த வீட்டில மாவரிக்கிற அரிதட்டு எங்க இருக்கெண்டு உங்களுக்குத் தெரியுமோ?"

தெரியாதுதான். ஆனால் சுங்கத்திலிருந்து றெயினுக்கு எத்தனை அடி என்று கேட்டிருந்தால் நித்திரையிலும் சொல்லியிருப்பேன்.

வியாழன் பின்னேரம் விசா வந்தது. சனிக்கிழமை காலை அக்காவை ஏற்றிவிட்டோம். தாலிக்கொடி கைப்பையில், கூறை என்னுடைய பழைய பெட்டியில். கொப்பியை அக்கா மார்போடு அணைத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனார்.

லண்டன் நேரப்படி பின்னேரம் எட்டு மணிக்கு அங்கே விமானம் இறங்கும். வெளியே இன்னும் வெளிச்சம். நான் தொலைபேசிக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு, மணிக்கூட்டைப் பார்த்துப் பார்த்து அக்காவோடு மனதால் நடந்தேன். இப்போது குடிவரவு. இப்போது பெட்டி வரும். இப்போது சுங்கம். எட்டு ஐம்பத்தைந்துக்குத் தொலைபேசி அடித்தது.

ஆண்குரல், ஆங்கிலம். தான் சுங்க உத்தியோகத்தர் என்று சொல்லி, தன் விமான நிலையத்தின் பெயரையும் சொன்னான். பிறகு என் பெயரைச் சொல்லி, நான்தானா என்று கேட்டான். பிறகு, "கனகாம்பிகை என்ற பெண்ணை உங்களுக்குத் தெரியுமா?"

ஒவ்வொரு சொல்லும் எனக்குத் தெளிவாக விளங்கியது. "இல்லை. அப்படி ஒருவரையும் தெரியாது. பிழையான வீடு," என்று ஆங்கிலத்தில் சொல்லி, றிசீவரை வைத்துவிட்டேன்.

நான் சொல்லவில்லை, என் வாய் சொன்னது. 1986 இல் நான் வந்த புதிதில் இந்த வீட்டில் ஏழு பேர் இருந்தோம். பாதிப் பேரின் அகதி வழக்கு முடியவில்லை. உத்தியோகக் குரலில் யார் என்ன பெயரைக் கேட்டாலும், தெரியாது, பிழையான வீடு. அதுதான் வீட்டுச் சட்டம். புதிதாக வருகிறவனுக்கெல்லாம் அதைச் சொல்லிக் கொடுத்தவனே நான்தான். மற்றவர்கள் எல்லாரும் தனித்தனி வீடு பார்த்துப் போய்விட்டார்கள். சட்டம் மட்டும் என் நாக்கில் தங்கிவிட்டது.

"ஆர் எடுத்தது?" என்று குசினிக்குள்ளிருந்து ராஜலட்சுமி கேட்டாள்.

சொன்னேன். கரண்டியோடு வந்து வாசலில் நின்றாள்.

"கூடப்பிறந்த அக்காவைத் தெரியாதெண்டு சொன்னனீங்களோ? ஐயோ, உங்களுக்கு மண்டை பிசகிப் போச்சே? அந்த மனுசி அங்க தனிய நிக்குது!"

அப்போதுதான் எனக்கு முழுவதும் விளங்கியது. பெட்டி என்னுடையது. அதன் மூடியில் என் பெயரும் தொலைபேசி இலக்கமும் வெள்ளைப் பெயின்றில் பெரிதாக எழுதியிருந்தன. நாற்பது பக்கம் எழுதிய மகாபுத்திசாலிக்கு அதை அழித்து அக்காவின் பெயரை எழுதவேண்டும் என்று தோன்றவில்லை. யாரோ ஒருவனுடைய பெட்டியை ஒரு பெண் கொண்டுவந்திருக்கிறாள், அவளைத் தெரியாது என்று பெட்டிக்காரன் சொல்கிறான். சுங்கத்தில் இதற்கு என்ன அர்த்தம் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

என்னிடம் அந்தச் சுங்கப் பகுதியின் இலக்கம் இல்லை. விமான நிலையத்தின் தகவல் பகுதி இலக்கம் இருந்தது. றிசீவரைத் தூக்கினேன். ராஜலட்சுமி என் கையில் ஒன்று போட்டாள்.

"வையுங்கோ கீழ! அவங்கள் திருப்பி எடுத்தால் லைன் கிடைக்குமே? இருக்கிறது ஒரு லைன்."

அதுவும் சரிதான். நான் எடுத்தால் அவர்களால் எடுக்க ஏலாது. நான் எடுக்காவிட்டால் அவர்களும் எடுக்காமலே விடலாம். நான் எழுந்தேன், இருந்தேன், மறுபடி எழுந்தேன். ஒன்பது மணி. ஒன்பது ஐந்து. அந்த விமான நிலையத்தின் கதவு, படி, குழாய் எல்லாம் எனக்குப் பாடம். என் அக்கா எந்த அறையில் இருத்தப்பட்டிருக்கிறார் என்பது மட்டும் தெரியாது. அப்படி ஒரு அறை இருக்கும் என்றே நான் யாரிடமும் கேட்கவில்லை. கேட்கப் பயந்திருக்கிறேன், இப்போது நினைத்தால் அதுதான் உண்மை.

ஒன்பது பன்னிரண்டுக்கு அடித்தது. இந்தமுறை பெண்குரல். அவள் தன்னைப் பற்றிச் சொல்லி முடிக்கமுதலே நான் கத்தினேன்.

"அவர் என் அக்கா! என் சொந்த அக்கா! ஒரே தாய், ஒரே தகப்பன்! பெட்டி நான் கொடுத்தது. உள்ளே சிவப்புக் கூறைச்சேலை இருக்கிறது, பலகாரம் இருக்கிறது. நாளைக்கு அவருடைய மகனுக்குக் கலியாணம்!"

அந்தப் பெண், "ஐயா, பதினைந்து நிமிடத்துக்கு முன் தெரியாது என்று சொன்னீர்கள். ஏன்?" என்றாள்.

எத்தனையோ பொய் வாய்க்குள் வந்தது. குளித்துக்கொண்டிருந்தேன், வேறு யாரோ எடுத்தார்கள், தூக்கக் கலக்கம். ஒன்றையும் சொல்லவில்லை.

"பயத்தில்," என்றேன். "உங்களைப் போன்ற ஆட்கள் பெயரைக் கேட்டால், தெரியாது என்று சொல்லிப் பழகிவிட்டேன். அதற்கு அவர் பொறுப்பில்லை. தயவுசெய்து அவரை விட்டுவிடுங்கள்."

பெட்டியில் இன்னும் என்ன இருக்கிறது என்று கேட்டாள். பயித்தம்பணியாரம் எத்தனை பொதி என்பதுவரை சொன்னேன். மகனின் பெயரும் முகவரியும் கேட்டாள், சொன்னேன். யாரோடோ கதைத்தாள். பிறகு, "விமானத்துக்கு இன்னும் அரைமணி இருக்கிறது, நானே கூட்டிக்கொண்டு போகிறேன்," என்று சொல்லி வைத்தாள். உத்தியோகத்தர் ஒருவருக்கு என் வாழ்க்கையில் நான் சொன்ன முதல் உண்மை அந்தப் 'பயத்தில்'தான். ராஜலட்சுமி தேத்தண்ணி கொண்டுவந்து தந்தாள், ஏசவில்லை.

அன்றிரவு பாலேந்திரா போன் எடுத்து, "மாமா, அம்மா வந்திட்டா," என்று மட்டும் சொன்னான். அதன்பிறகுதான் எனக்குச் சாப்பாடு இறங்கியது. ஞாயிறு பின்னேரம் அக்காவே எடுத்தார். பின்னால் மேளக் கசெட்டும் பிள்ளைகளின் சத்தமும். தாலி நேரத்துக்கு ஏறிவிட்டது என்றார். பெண் நல்ல வடிவாம். தண்ணீர் மேலே பாய்கிறது உண்மைதானாம், மூக்குக்குள் போய்விட்டதாம்.

எனக்கு அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"அக்கா, மன்னிச்சுக்கொள்ளுங்கோ. அந்தச் சுங்கக்காரன் முதல் எடுத்த நேரம் உங்களைத் தெரியாதெண்டு சொல்லிப்போட்டன்."

"எனக்கு விளங்கினது. போனை வைச்சுப்போட்டு அவன் என்னைப் பாத்த பார்வை அப்பிடி."

"கோவமே?"

"எனக்கென்னடா கோவம்? அவன் பெட்டியில கிடந்த உன்ர பேரை விரலால தொட்டுக் காட்டி, ஆர் ஆர் எண்டு என்னைத்தானே முதல் கேட்டவன். நானும் நோ நோ எண்டனான். தம்பியை ஏன் இதுக்குள்ள இழுப்பான் எண்டு."

சிரிப்பு வந்துவிட்டது எனக்கு. "நல்ல சோடிதான் நாங்கள். எப்பிடி அக்கா டக்கெண்டு அப்பிடிச் சொல்ல வந்தது?"

"எனக்கு அது புதுசே? எண்பத்தைஞ்சில, நீ வெளிக்கிட்ட கிழமை, ஆமிக்காரன் உன்ர படத்தைக் கொண்டுவந்து காட்டிக் கேட்டவன். நாலுதரம் கேட்டவன். அப்பவும் இதைத்தான் சொன்னனான்."

எட்டு வருஷமாக எனக்கு அது தெரியாது. மூன்று மாதம் என் வீட்டில், என் மேசையில் சாப்பிட்டுக்கொண்டு இருந்தும் ஒரு சொல் சொல்லவில்லை.

"நாலுதரமோ? ஒவ்வொருதரமும் தெரியாதெண்ட பிறகு... அக்கா, அவங்கள் உங்களை என்ன செய்தவங்கள்?"

அங்கே யாரோ அம்மா அம்மா என்று கூப்பிட்டார்கள்.

"அதை விடு தம்பி. பிள்ளையள் கும்பிட நிக்குதுகள், நான் போய் ஆசீர்வாதம் பண்ணவேணும்," என்று சொல்லி வைத்துவிட்டார்.

"என்னவாம் மச்சாள்?" என்று ராஜலட்சுமி கேட்டாள். றிசீவரைக் கையில் பிடித்தபடி அழுதேன்.