காலில் விழுந்த மகன்

ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் ரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில், மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பொன்னி படைப்பாளர் பேரவை கூடும். கதை எழுதுகிறவர்கள் சேர்ந்து கற்றுக்கொள்ளும் இடம் என்று பேஸ்புக்கில் போட்டிருந்தார்கள். கற்றுக்கொண்ட அடையாளம் ஒருவரிடமும் இல்லை. ஒருவர் வாசிப்பார். மற்றவர்கள் மடியில் வைத்திருக்கும் போனைப் பார்ப்பார்கள். வாசிப்பு நின்றதும் நிமிர்ந்து "அருமை" என்பார்கள். அடுத்த மாதம் அவர் இவர்களுக்கு அருமை சொல்வார். வருஷத்துக்கு ஒரு தடவை தங்களுக்குள்ளேயே விருது கொடுத்துக்கொண்டு, அதைப் போட்டோ பிடித்து, அந்தப் போட்டோவுக்கும் அருமை சொல்லிக்கொள்வார்கள்.

ஜோதி அங்கே போய்ச் சேர்ந்ததற்குக் காரணம், போவதற்கு வேறு இடம் தெரியாததுதான். முசிறியில் பிறந்து, கல்யாணமாகி ஸ்ரீரங்கத்துக்கு வந்தவள். தில்லைநகரில் ஒரு ஸ்கேன் சென்டரில் ரிசப்ஷனில் வேலை. மேடையில் 'சிறுகதைச் செம்மல் ஜோதி' என்று முதல்முறை கூப்பிட்டபோது அவளுக்கும் உள்ளுக்குள் இனிக்கத்தான் செய்தது. வீட்டுக்காரர் பாலு மட்டும், "செம்மல்னா என்ன?" என்று கேட்டார். அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை.

பேரவைத் தலைவர் கலையரசன், ரிட்டையர்டு அதிகாரி. சொந்தச் செலவில் புத்தகம் போட்டு, தன் புத்தகத்துக்குத் தானே வேறு பெயரில் மதிப்புரை எழுதுவார். அது எல்லாருக்கும் தெரியும் என்பதும் அவருக்குத் தெரியும். அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

ஜோதி ஒரு கதை எழுதினாள். ஸ்கேன் எடுக்க வந்த வயதான பெண்ணிடம், "கூட யாரு வந்திருக்காங்க?" என்று கேட்கிறார்கள். "வந்துக்கிட்டு இருக்காங்க" என்கிறாள். நாள் முழுக்க அதையே சொல்கிறாள். யாரும் வரவில்லை. அவ்வளவுதான் கதை. பேரவையில் வாசிக்கும் முன்பு கலையரசனிடம் காட்டினாள். அவர் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"இருட்டா முடியுதேம்மா. சமூகத்துக்கு ஒரு நம்பிக்கை கொடுக்கணும். கடைசில மகன் ஓடி வந்து காலில் விழட்டும்."

ஜோதி மகனை வரவழைத்தாள். அவன் விழுந்தான். அருமை, அருமை என்றார்கள். ஒரு குரல் மட்டும் தனியாகக் கேட்டது.

"அந்த மகன் எங்கேர்ந்து வந்தான்?"

ஷஹனாஸ். பாலக்கரையில் ஒரு ஸ்கூலில் கணக்கு டீச்சர், அன்றைக்குத்தான் முதல்தடவை வந்திருந்தார். கலையரசன் மைக்கை வாங்கி, விமர்சனம் ஆரோக்கியமாக இருக்க வேண்டும் என்று நெடுநேரம் பேசினார்.

கூட்டம் முடிந்ததும் ஜோதி பஸ் ஸ்டாப் வரைக்கும் ஷஹனாஸ் பின்னாலேயே போனாள். முகம் சிவந்திருந்தது.

"எல்லார் முன்னாடியும் அப்படிக் கேட்டிருக்க வேணாங்க."

"வேற எப்ப கேக்கறது?" என்றார் ஷஹனாஸ். "அந்தம்மா ரெண்டாவது தடவை 'வந்துக்கிட்டு இருக்காங்க'ன்னு சொன்னப்ப யாரும் வரமாட்டாங்கன்னு எனக்குப் புரிஞ்சுபோச்சு. அதுக்கப்புறம் நீங்க பயந்துட்டீங்க."

ஒரு வாரம் ஜோதிக்கு அவர்மேல் ஆத்திரம். அந்த ஆத்திரத்தோடேயே மகனை வெட்டினாள். மகன் போனதும், அவனுக்காகச் சேர்த்த அழுகையும் வசனமும் தானாகவே நிற்க முடியாமல் விழுந்தன. போன் செய்து ஷஹனாஸைக் கூப்பிட்டாள். சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பேக்கரியில் ஞாயிறு காலையில் சந்தித்தார்கள். பல ஞாயிறுகள் சந்தித்தார்கள். ஷஹனாஸ் ஒருநாளும் அருமை என்று சொல்லவில்லை. "இது நிக்குது" என்பார், "இது நிக்கலை" என்பார். ஷஹனாஸ் எழுதியதையும் ஜோதி அதேமாதிரிதான் வெட்டினாள். ஒருதடவை சண்டை வந்து, ஷஹனாஸ் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார். அடுத்த வாரம் வந்தார்.

கதை சென்னையில் ஒரு பத்திரிகையில் வந்தது. அது வந்த வாரமே பேரவை ஒரு பாராட்டு விழா வைத்தது. மண்டப வாசலில் பிளெக்ஸ்: 'பேரவை வளர்த்த பெருமை'. அதில் ஜோதியின் படத்தைவிடக் கலையரசன் படம் பெரிசு. பொன்னாடை போர்த்திவிட்டு அவர் மைக்கைப் பிடித்தார்.

"பத்திரிகைல படிச்சேன். அந்த மகன் ஓடி வந்து காலில் விழற இடம் இருக்கே, கண்ணாடியைக் கழட்டிட்டு அழுதேன்."

கை தட்டினார்கள். ஜோதி கூட்டத்தைப் பார்த்தாள். ஒரு முகமாவது சங்கடப்படும் என்று எதிர்பார்த்தாள். ஒருவரும் படித்திருக்கவில்லை. அவளைப் பேசச் சொன்னபோது நிதானமாகத்தான் சொன்னாள்.

"பத்திரிகைல வந்த கதைல மகன் கிடையாதுங்க. எடுத்துட்டேன். யாரும் வரலைன்னுதான் முடியுது."

இப்போதாவது மனுஷன் தலையைக் குனிவார் என்று நினைத்தாள். கலையரசன் சிரித்துக்கொண்டே எழுந்து மைக்கை வாங்கினார்.

"எடுத்த பிறகும் எனக்கு அவன் தெரிஞ்சான் பாருங்க. அதுதான் எழுத்தோட வலிமை."

முன்னைவிடப் பலமாகக் கை தட்டினார்கள். இவர்களை வெட்கப்பட வைக்க யாராலும் முடியாது என்பது ஜோதிக்கு அந்த நிமிஷம் விளங்கியது. கோபம்கூட வரவில்லை. பொன்னாடையை மடித்து நாற்காலியில் வைத்துவிட்டுப் படியிறங்கினாள். பந்தியில் கேசரி போடத் தொடங்கியிருந்ததால், அவள் போனதைக் கவனிக்க ஆள் இல்லை.

அதன் பிறகு அவள் அங்கே போகவில்லை. அடுத்தடுத்து அனுப்பிய மூன்று கதைகளில் ஒன்றுதான் பிரசுரமானது. பேரவையின் ஆண்டு மலரில் இன்னும் அவள் பெயர் 'எங்கள் உறுப்பினர்' என்று வருகிறது. எடுக்கச் சொல்லிக் கேட்கலாமே என்றார் பாலு.

"கேட்டா அதுக்கும் ஒரு விழா வைப்பாங்க" என்றாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. புதுக்கதையைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினாள். நடுப்பகுதி நிற்கவில்லை என்று அவளுக்கே தெரியும். ஷஹனாஸ் என்ன சொல்வார் என்று யோசித்துக்கொண்டே நடந்தாள்.