தனம் அக்காவின் முழங்கால்

1

"முட்டி வலிக்கு ஊசி போடப் போறாங்களாம், எழிலு."

"நல்லதுதானே அக்கா. மொகம் ஏன் இப்படி இருக்கு?"

"வலி போனா மட்டும் அவரு நிக்கப் போறாரா? அதுக்கும் சேத்து மலைய சுத்துவாரு."

நாவல் எழுதும் எனக்கு இந்தக் கதை அங்கேதான் கிடைத்தது. வேங்கிக்காலில் எனக்குக் கீழ் வீட்டில் இருப்பவர் தனம் அக்கா. ஆறு வருடமாக முழங்கால் தேய்மானம். அந்த வலி தீர வேண்டுமென்று அவர் கணவர் மணிவேல் ஒரு பௌர்ணமி விடாமல் வெறுங்காலோடு கிரிவலம் போகிறார். பதினான்கு கிலோமீட்டர். அக்காவுக்கோ ஒரே ஆசை: ஒரு பௌர்ணமியாவது அவர் வீட்டில், தன் பக்கத்தில் இருக்க வேண்டும்.

"எனக்காக நடக்கற மனுஷன, போவாதீங்கன்னு எப்படி சொல்றது?"

2

முதல் தொடக்கம்: 'மணிவேலுக்கு மனைவியைவிட மலைதான்...'

[அடித்துவிட்டேன். பொய். கிரிவலம் முடிந்த காலைகளில், கொப்புளம் கண்ட பாதங்களோடு அவர் அக்காவுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுப்பதை மாடிப்படியில் நின்று பார்த்திருக்கிறேன்.]

இரண்டாவது: 'கண்ணைப் பார்த்தே அவள் மனதை அறிந்துகொண்ட அவன்...'

[என் நாவல்களில் எல்லாக் கணவர்களும் இப்படித்தான். வாசகிகள் மன்னிக்க வேண்டும்.]

3

ஊசி போட்ட அன்று அவர்கள் இருவரோடு நானும் போனேன். டாக்டர் முதலில் மூட்டிலிருந்து நீரை எடுத்தார். வைக்கோல் நிறம், அத்தனை தெளிவு. ஆறு வருட வலி இவ்வளவு அழகாகவா இருக்கும்! பிறகு, கண்ணாடி போன்ற ஜெல்லை உள்ளே செலுத்தினார்.*

"தேஞ்சது வளராதும்மா. வலி கம்மியாகும். சில பேருக்கு ஆறு மாசம் தாங்கும், சில பேருக்குக் கேக்கவே கேக்காது."

மணிவேல் கண்ணை மூடி, மலை இருக்கும் பக்கம் திரும்பிக் கும்பிட்டார். அக்கா அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். "இந்தப் பக்கம் பாருங்க! ஊசி எனக்கு!"

* ஒரு தேக்கரண்டி அளவுதான் இருக்கும். ஒரு மனுஷியின் நடை முழுவதும் அதற்குள் இருந்தது.

4

முடிவுகளை யோசித்தேன். அக்கா சொல்லிவிடுகிறார். சொல்லாமலே இருந்துவிடுகிறார். பெருமழை வந்து கிரிவலம் நின்றுவிடுகிறது. [மழைக்கெல்லாம் மணிவேல் நிற்க மாட்டார்.]

முதலாவதுதான் எனக்குப் பிடித்தது. ஆனால் ஆறு வருடமாக ஒருத்தி வாய்க்குள்ளேயே வைத்திருப்பதை நான் எப்படி முந்திக்கொண்டு எழுதுவது? பேனாவை மூடிவிட்டுக் காத்திருந்தேன்.

5

ஐந்து வாரம் போனது. இன்று காலை படியில் காலடிச் சத்தம். இருபத்திரண்டு படி ஏறி, என் வாசலில் தனம் அக்கா! நான் குடிவந்த நாளிலிருந்து அவர் மாடிக்கு வந்ததே இல்லை. எழுந்து வரவேற்கக்கூடத் தோன்றாமல் அந்தக் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பின்னால் மூச்சிரைக்க மணிவேல். "பாத்தியாம்மா எழிலு? அண்ணாமலையாரு கண்ணத் தொறந்துட்டாரு! நாளைக்குப் பௌர்ணமி. இந்த தபா ரெண்டு சுத்து!"

"ஒண்ணு டாக்டருக்கா?" என்றேன்.

"அவருக்கும் சேத்துதான்!"

அக்கா சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டேன், உட்காரவும் இல்லை. நின்றபடியே கணவரின் கையைப் பிடித்தார்.

மணிவேல் என்ன பதில் சொன்னார் என்று நான் எழுதப்போவதில்லை. அதை உங்களுக்கே விட்டுவிடுகிறேன். அக்கா சொன்னது மட்டும் இதோ:

"ஏங்க, நாளைக்குப் போவாதீங்க. வலியோட எல்லா பௌர்ணமியும் தனியாவே இருந்துட்டேன். வலி இல்லாத இந்த ஒண்ணு எங்கூட இருங்க."