நாலு விரல் தாழ்ந்த கோல்

சனிக்கிழமை விடியலில் மான் வேட்டைக்கான மறைவுக் கூடாரத்துக்குள் நுழைந்ததுமே எனக்குப் பொறி தட்டியது. குறுக்குவில்லைச் சாய்த்துக் குறிபார்க்க நான் மண்ணில் ஊன்றியிருந்த கவட்டைக்கோல், நாலு விரல் தாழ்ந்திருந்தது. என் உயரத்துக்கு நானே திருகி இறுக்கியது. தானாக இறங்கியிருக்க வழியில்லை.

அங்கே உட்காருவது இரண்டே பேர். சனி எனக்கு, ஞாயிறு என் மனைவியின் அண்ணன் வெர்லினுக்கு. மற்ற நாட்களில் யாரும் கால் வைக்கக் கூடாது என்பது இருபது வருடப் பேச்சு. ஆனால் வியாழக்கிழமை மழைக்குப் பிந்திய சேற்றில் புது பூட்ஸ் தடம் இருந்தது. வெர்லின் குள்ளம். மூன்று வருடமாக நான் காத்திருக்கும் பத்துக்கிளைக் கொம்பன் மான் அந்தப் பக்கம்தான் மேய்கிறது. இன்னும் என்ன வேண்டும்?

மத்தியானம் எங்கள் வேட்டைக் கேபினில் மான் சாசேஜ் வறுத்தபடியே, கோலைத் தொட்டாயா என்று வெர்லினிடம் கேட்டேன்.

"உன் நடைவண்டிய நான் எதுக்குடா தொடப் போறேன்? நடை பழகுற கொழந்தையா நானு?" என்றான். அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. கோப்பையைக்கூட இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். கள்ளன் என்று முடிவு கட்டினேன்.

சாயங்காலம் போய்க் கோலைப் பிடுங்கி, மறுபடி என் உயரத்துக்கே ஏற்றி இறுக்கி, என் டிரக்கில் போட்டேன். தொடவே இல்லை என்றவன், காணவில்லை என்று எப்படிக் கேட்பான்? எனக்கு அதில் அற்பமான சந்தோஷம்.

ஞாயிறு பத்து மணிக்கு வெர்லின் திரும்பினான். கொம்பன் இருபது அடியில் நின்றதாம். அம்பு தவறிவிட்டதாம். இருபது அடியில் வெர்லின் தவறவிட்டதாக நான் கேள்விப்பட்டதே இல்லை.

எங்கள் கேபினில் ஒரு வழக்கம் உண்டு. குறி தவறினவனின் சட்டை வாலை, அதாவது கீழ்நுனித் துணியை, மற்றவன் வெட்டிச் சுவரில் ஆணியால் அறைவான். வெர்லின் சட்டையை வெளியே இழுத்துவிட்டுக் கத்தியை என்னிடம் நீட்டினான். கத்தி கிடுகிடுவென்று ஆடியது. அவன் கைதான் ஆடியது.

"எத்தனை நாளா?" என்றேன்.

"ஜூலையிலேருந்து. தங்கச்சிகிட்ட சொல்லிடாத மச்சான்." மேசைக்கடியில் கையை ஒளித்தான். "உன் கோல்ல வில்ல வெச்சா ஆடல. வெள்ளிக்கெழம திருட்டுத்தனமா போயி வெச்சுப் பாத்தேன். ஒங்கிட்ட பொய் சொல்லிட்டேன். இந்த வருசம் ஓட்டிரலாம்னு இருந்தேன். இன்னிக்கிப் பாத்தா கோலையே காணோம். எவனோ வெளியாளு தூக்கிட்டுப் போயிட்டான்."

என்மேல் அவனுக்கு ஒரு துளி சந்தேகமும் வரவில்லை.

கத்தியை வாங்கி என் சட்டை வாலை வெட்டினேன்.

"நீ எதத் தவறவிட்டடா?" என்றான் வெர்லின்.

டிரக்குக்குப் போய்க் கோலை எடுத்து வந்தேன். அவன் முன்னால் நின்று, திருகாணியைத் தளர்த்தி, நாலு விரல் இறக்கி இறுக்கினேன்.