மேற்குச் சரிவில் ஒன்றுமில்லை

1

இந்தக் கதை எனக்கு ஓசியில் கிடைத்தது. சியோலுக்குக் கிழக்கே காங்வோன் மலைப்பக்கத்து எங்கள் ஊரில், மக்கொல்லி என்ற அரிசிக் கள் விற்கும் கடையில் மூன்றாவது கிண்ணம் காலியானபோது மா சுன்போக் சொன்னார்: "என்னைப் பத்தி எழுதேன். ஆனா இடத்தை எழுதினே, கையை ஒடைச்சுடுவேன்." ஆகவே மலையின் பெயரை எழுதவில்லை. ஆற்றை இடம் மாற்றிவிட்டேன். வரைபடத்தோடு உட்கார்ந்திருக்கும் வாசகர் அதை மடித்து வைத்துவிடலாம்.

2

முதல் தொடக்கம்: அதிகாலைப் பனியில் கோணிப்பையுடன் ஒரு கிழவர்

(வேண்டாம். எழுபதைத் தாண்டியும் "கிழவர்" என்றால் சண்டைக்கு வருவார்.)

இரண்டாவது தொடக்கம்: நடக்கப் பழகிய நாளிலிருந்து சுன்போக்குக்கு வீட்டுக்குள் இருப்புக் கொள்ளாது. மழையோ பனியோ, மலைக்குப் போய்விடுவார். கேட்டால் சோங்கிக் காளான் என்பார். பைன் மரத்தடியில் இலையுதிர் காலத்தில் மட்டும் முளைக்கிற காளானை ஜனவரியில் யார் தேடுவார்கள் என்று அவர் மனைவி சாகும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள். உண்மையில் அவர் அங்கே ஒரு கோணல் பைன் மரத்தடியில் மல்லாந்து படுத்து, மரத்தோடு பேசிக்கொண்டிருப்பார். அந்த மலைமேல் அவருக்கு அப்படி ஒரு பிரியம்.

இது தேவலை. இதையே வைத்துக்கொள்வோம்.

(அடிக்குறிப்பில் போக வேண்டியது: நல்ல விலை போகும் இந்தக் காளான் முளைக்கும் இடத்தை எங்கள் ஊரில் பெற்ற பிள்ளைக்கும் சொல்லமாட்டார்கள். சாகக் கிடக்கும்போது சொன்னால் உண்டு. அந்த அவசரத்தில் மறந்து செத்தவர்களும் இருக்கிறார்கள்.)

3

மலைக்குச் சொந்தக்காரர் சியோலில் இருக்கிறார். அவர் அதைக் கோல்ஃப் மைதானம் போடுகிறவர்களுக்கு விற்கப்போகிறார் என்று கேள்விப்பட்டதும் சுன்போக்குக்குச் சோறு இறங்கவில்லை. நிலத்தை வாங்கிக் காடாகவே விட்டுவைக்கும் சங்கம் ஒன்றைத் தேடி பஸ் ஏறினார். தானும் சேர்ந்து, வீடு வீடாகப் போய் ஊரையும் சேர்த்தார். ஆனால் திரண்ட பணம் பாதி மலைக்குத்தான் போதும். கிழக்குச் சரிவு, மேற்குச் சரிவு இரண்டில் ஊரார் காட்டுவதைச் சங்கம் வாங்கும். மற்றது கோல்ஃப்காரர்களுக்கு.

ஊர் மன்றத்தில், குளிருக்காக அடியில் சூடேற்றிய தரையில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். சங்கத்திலிருந்து வந்த நாம்குங் என்ற பெண், மரமும் காளானும் எந்தப் பக்கம் செழிப்பு என்று கேட்டாள்.

அத்தனை கையும் மேற்கே நீண்டது. சுன்போக்கின் கையும்தான். மேற்கில் கல்லையும் முள்ளையும் தவிர ஒன்றுமில்லை. ஆனால் காளான் எங்கே என்று யார் கேட்டாலும் இல்லாத பக்கத்தையே காட்டிப் பழகிய கைகள் அவை. கேள்வி முடியுமுன் போய்விட்டன.

(வாசகர் இங்கே சிரிக்கலாம். நாம்குங் சிரிக்கவில்லை. மேற்கு என்று எழுதிக்கொண்டாள்.)

4

இந்த இடத்தில் எனக்குக் கதை ஓடவில்லை. சுன்போக் வாய் திறந்தால் அவருடைய இடம் ஊருக்கே தெரிந்துபோகும். திறக்காவிட்டால் கிழக்குச் சரிவிலிருக்கும் கோணல் பைனை வெட்டிவிட்டுப் புல் போடுவார்கள். ஒரு வரைவில் அவரை வீரமாக எழுப்பி, முஷ்டியை உயர்த்தி

(அடித்துவிட்டேன். அவர் எழுந்திருக்கவே இல்லை.)

கழுத்தைச் சொறிந்துகொண்டு சொன்னார்: "கிழக்குதாம்மா. முன்னாடி கை காட்டினது பொய்."

ஒருவரும் நம்பவில்லை. காளான் விஷயத்தில் அவர் உண்மை பேசி யாரும் கேட்டதில்லை. பியோ கில்ஜாதான் எழுந்தாள். காளான் பறிப்பதில் அவருக்கு ஆயுள் முழுக்கப் போட்டி அவள்.

"அண்ணன் சொல்றது நெசம். நானும் முப்பது வருஷமா அங்கதான் பறிக்கிறேன். அந்தக் கோணல் மரத்துக்கிட்ட அவரு என்னைத் திட்டினதெல்லாம் கேட்டுக்கிட்டேதான் பறிச்சேன்."

மூலையில் ஒருவர் இருமினார். தானும் அங்கேதான் என்றார். பக்கத்தில் இருந்தவரும் அப்படியே. கடைசியாகக் கூரையைப் பார்த்தபடி மக்கொல்லிக் கடைக்காரர். ஆளுக்கொரு ரகசிய இடம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். ஊருக்கே ஒன்றுதான் இருந்தது.

சங்கம் கிழக்கை வாங்கியது. மலை பிழைத்ததே என்று சுன்போக் சந்தோஷப்பட்டார். இனி அங்கே தனியாகப் படுக்க முடியாதே என்று வீட்டுக்குப் போய் அழவும் செய்தார்.

5

செப்டம்பர் மழை விட்டதும் ஊரே கிழக்கே கிளம்பியது. சுன்போக் மட்டும் கோணிப்பையை எடுத்துக்கொண்டு மேற்கே போனார். யாராவது பின்னால் வருகிறார்களா என்று இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். சாயங்காலம் இறங்கி வந்தபோது பையின் வாயை இறுக்கிக் கட்டியிருந்தார். உள்ளே என்ன என்று கில்ஜா கேட்டாள்.

"கல்லு," என்றார்.

மறுநாள் காலை கில்ஜா சங்கத்துக்கு ஃபோன் போட்டாள். கோல்ஃப்காரர்கள் மேற்கை இன்னும் வாங்கி முடிக்கவில்லைதானே, ஊரார் இன்னொரு தடவை திரட்டினால் அதையும் சேர்த்து வாங்கிவிடலாமா என்று விசாரித்தாள். அன்று மத்தியானத்துக்குள் இன்னும் நான்கு பேர் அதையே விசாரித்தார்கள்.

பைக்கு மூன்று முடிவுகள் எழுதினேன். ஒன்றில் காளான், ஒன்றில் கல், ஒன்றில் வெறும் பைன் சருகு. மூன்றையும் கிழித்துப் போட்டுவிட்டேன். மேற்கும் சங்கத்தின் கைக்கு வரும்வரை அந்த முடிச்சை நான் அவிழ்ப்பதாக இல்லை. நீங்கள் வேண்டுமானால் அவிழ்த்துப் பாருங்கள். கில்ஜாவிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.