வடிவமைப்பாளரின் பதில்

வரைபடத்தை மேசைமேல் விரித்த மறு நிமிடமே ஸ்கேல் சாருக்கு வியர்த்துவிட்டது. இடத்தின் பெயரும் போட்டவரின் கையெழுத்தும் இருக்க வேண்டிய மூலையைக் கத்தரித்துவிட்டுத்தான் கொடுத்திருந்தார்கள். கத்தரித்து என்ன பயன்? பெற்றவளுக்குப் பிள்ளையை முதுகுப் பக்கம் பார்த்தாலே தெரிந்துவிடும். பதினோரு வருடத்துக்கு முன்னால் அவரே போட்ட சாலைச் சந்திப்பு அது.

முப்பது வருடமாகச் சாலைகளை வடிவமைப்பவர். பேனா இல்லாமல்கூட ஆபீசுக்கு வருவார், சட்டைப் பையில் அளவுகோல் இல்லாமல் வரமாட்டார். அதனால் கிடைத்த பட்டப்பெயர். இந்த ஐந்து நாள் சாலைத் தணிக்கைப் பயிற்சிக்கு அவரை அனுப்பியதே, ஆபீசில் புதிதாகத் தொடங்கப்போகும் சாலைப் பாதுகாப்புப் பிரிவுக்குத் தலைவராக்கத்தான். சான்றிதழ் இருந்தால் நாற்காலி அவருக்கு. இல்லாவிட்டால் வேறு யாருக்கோ.

தணிக்கை என்றால் வேறொன்றுமில்லை. ஒருவர் போட்ட சாலையை இன்னொருவர் போய்ப் பார்த்து, இங்கே யார் எப்படி அடிபடுவார் என்று, அடிபடுவதற்கு முன்பே எழுதிக் கொடுப்பது. திங்கட்கிழமை காலை வகுப்புக்குள் நுழைந்ததும் பயிற்சி நடத்தும் மேடம் சொன்ன முதல் விதி, தான் போட்டதைத் தானே தணிக்கை செய்யக் கூடாது என்பது. அப்படி நேர்ந்தால் கையைத் தூக்கிச் சொல்லிவிட வேண்டும். சொன்னால் அடுத்த குழுவுக்கு மாற்றிவிடுவார்கள். அடுத்த குழு அடுத்த வருடம். அதுவரை நாற்காலி காத்திருக்குமா? ஸ்கேல் சாரின் கை பாதி எழுந்தது, தலையைச் சொறிந்துவிட்டு இறங்கிவிட்டது.

மறுநாள் காலை ஷூவை மாட்டிக்கொண்டே மனைவியிடம் விஷயத்தைப் போட்டு உடைத்தார்.

"இதுல என்னங்க குழப்பம்? நான் சமைச்சதுக்கு நான்தானே உப்பு பாக்கறேன்? பக்கத்து வீட்டுக்காரியா வந்து பாக்கறா?"

"அப்ப பண்ணலாம்ங்கற?"

"நான் எங்க சொன்னேன்? உப்பு கம்மின்னு என்னிக்காவது நானா சொல்லியிருக்கேன்? நீங்கதானே சொல்றீங்க."

இருந்த கொஞ்சநஞ்சத் தெளிவும் போயிற்று. ஒரு ஷூவுக்கு மட்டும் கயிறு கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அவருக்கு ஜோடியாகப் போட்டிருந்தது பாலம் கட்டும் கம்பெனியிலிருந்து வந்த ஒரு பெண்ணை. வகுப்பில் எல்லோரும் அவளைப் 'பாலம்' என்றே கூப்பிட்டார்கள். இருவரும் சந்திப்பில் இறங்கினார்கள். மேடம் சொன்னபடி பாலம் கனமான பையைத் தூக்கிக்கொண்டு நடந்து பார்த்தாள், குழந்தை உயரத்துக்குக் குனிந்து பார்த்தாள். ஸ்கேல் சார் அளவெடுத்தார். வளைவு சரி, அகலம் சரி, அறிவிப்புப் பலகைகளின் உயரம் சரி. விதிப் புத்தகத்தில் உள்ளது உள்ளபடி இருந்தது. ஜனங்கள்தான் சரியில்லை.

பஸ் நிறுத்தத்துக்கு நேர் எதிரே ஆஸ்பத்திரி வாசல். நடுவில் கம்பி வேலி. சாலையைக் கடக்க ஸ்கேல் சார் போட்ட வெள்ளைக்கோடு எழுபது மீட்டர் தள்ளி, ஈ காக்கை இல்லாமல் கிடந்தது. பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள் எல்லோரும், தோளில் நோயாளியைச் சாய்த்துக்கொண்டிருந்தவர்கள்கூட, வேலியில் ஒரு கம்பி இல்லாத இடைவெளியில் நுழைந்து போனார்கள். லாரிகள் ஹாரனை அலறவிட்டன.

நிறுத்தத்துக்குப் பக்கத்தில் பஞ்சர் கடை. ஸ்கேல் சார் கடைக்காரரிடம் கேட்டார்.

"வேலியில யாருங்க கம்பிய எடுத்தது?"

"நான்தான். ஆபீஸ்லேர்ந்து வந்து மாட்டுவாங்க, நான் கழட்டுவேன்." ஏதோ கடை திறந்து மூடும் நேரத்தைச் சொல்வது மாதிரி சொன்னார். "என் வீட்டுக்காரி தாண்டிக் குதிச்சு கால உடைச்சுக்கிட்டா. குதிக்கவாச்சும் வேணாமேன்னு எடுத்துட்டேன்."

"அது தப்பில்லீங்களா?"

"தப்புதான் சார். அவ்வளவு தூரத்துல கோட்டப் போட்டவரு யாரு? உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க" என்றார் ஸ்கேல் சார். கம்பியைக் கழற்றியவர் குற்றவாளியா, கோடு போட்டவர் குற்றவாளியா, இரண்டையும் எழுத வந்தவர் குற்றவாளியா? ஒன்றும் பிடிபடவில்லை. அவமானமாக மட்டும் இருந்தது.

புதன்கிழமை அறிக்கை எழுதும் நாள். படிவத்தில் நான்கு கட்டங்கள். குறை என்ன, யாருக்கு ஆபத்து, என்ன செய்யலாம், வடிவமைப்பாளரின் பதில். ஸ்கேல் சார் குனிந்த தலை நிமிராமல் எழுதினார். குறையை எழுத எழுதக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. பத்துக் குறைகளையும் எழுதி முடித்தபோது மனம் இலேசாகிவிட்டது. நன்றாகவே எழுதியிருக்கிறோம் என்று நம்பிக் கொடுத்தார்.

அரை மணி நேரத்தில் மேடம் தனியாகக் கூப்பிட்டார்.

"நாலாவது கட்டம் காலியா இருக்கணும் சார். வடிவமைச்சவர் நம்ம அறிக்கையப் படிச்சிட்டு எழுதறது அது."

ஸ்கேல் சார் எட்டிப் பார்த்தார். பத்து வரிசையிலும் நாலாவது கட்டம் அவர் கையெழுத்தால் நிரம்பி வழிந்தது. எப்போது எழுதினார்? அவருக்கே தெரியவில்லை.

"நாலாவது குறைக்கு, நிறுத்தத்துக்கு எதிரே பூமிக்கடியில பெரிய குடிநீர்க் குழாய் போகுது, கோட்டுக்கு வேண்டிய சிக்னல் விளக்குக் கம்பம் நட முடியாது, அதனாலதான் கோடு தள்ளிப் போச்சுன்னு எழுதியிருக்கீங்க. வரைபடத்துல குழாயே இல்லையே. உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

திருதிருவென்று விழித்தார். முப்பது வருடத்தில் இப்படிக் கையும் களவுமாக மாட்டியதில்லை.

"நான் போட்டதுங்க மேடம்."

மேடம் கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. "அப்ப இந்தத் தடவை சான்றிதழ் தர முடியாது சார்" என்று மட்டும் சொன்னார். பிறகு, "நாளைக்கு எல்லாரும் குறைகளை வாசிப்பாங்க. வடிவமைப்பாளரா வழக்கமா நான்தான் நடிப்பேன். நிஜமானவரே இருக்கீங்க. உக்காருவீங்களா?" என்றார்.

நாற்காலி போன பிறகு எந்த நாற்காலியில் உட்கார்ந்தால் என்ன? தலையாட்டிவிட்டு வந்தார்.

வியாழக்கிழமை பதினொரு பேருக்கு எதிரே தனியாக உட்கார்ந்தார். பாலம் எழுந்து நாலாவது குறையை வாசித்தாள். ஸ்கேல் சாருக்கு இது கைவந்த கலை. குழாயின் ஆழம், கம்பத்தின் அடித்தளம், விதியின் எண் என்று மூச்சுவிடாமல் அடுக்கினார். பழைய தெம்பு திரும்பிவிட்டது. நம் பக்கம்தான் நியாயம் என்றுகூடத் தோன்றியது.

"குழாய் இருக்கட்டும் சார்," என்றாள் பாலம். "கோடு போடறதுக்கு முன்னாடி அந்த ஸ்டாப்ல இறங்கி, ஆஸ்பத்திரிக்கு எத்தனை தடவை நடந்து பாத்தீங்க?"

இதற்குப் பதில் இல்லாமல் இருக்காது என்று ஸ்கேல் சார் நினைவைத் துழாவினார். அளவுகள் வந்தன. போட்டோக்கள் வந்தன. ஜீப்பின் ஜன்னல் வழியாக ஒரு தடவை பார்த்தது வந்தது. கால்கள் மட்டும் எங்கேயும் வரவில்லை.

"நடந்தேம்மா," என்றார். "முந்தாநாள், உங்ககூட. அதுதான் முதல் தடவை."