இரண்டு நாள் லீவு

ஜெயதாஸ் பஞ்சைத் தேங்காயெண்ணெயில் நனைத்து, மனைவியின் விரலில் இருந்த சிவப்பு மையைத் துடைத்துக்கொண்டிருந்தார். நேற்று சாயங்காலம் பரீட்சைத்தாள் திருத்தும்போது ஒட்டிய மை. இன்று காலையில் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பி, சேலைக்கு ஊக்குக் குத்திக்கொண்டிருந்தவள் அப்படியே கட்டிலில் சாய்ந்தாள். நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில், கார் அமரவிளையைத் தாண்டுமுன்பே முடிந்துவிட்டது.

புஷ்பபாய் டீச்சருக்கு ஐம்பத்துமூன்று வயது. பள்ளிக்கூடத்தில் இரண்டு டீச்சர் வேலை காலியாகக் கிடந்ததால், ஜூன் முதல் மூன்றாம் வகுப்பையும் நான்காம் வகுப்பையும் ஒரே அறையில் வைத்துச் சமாளித்தாள். வீட்டுக்கு வந்தால் செருப்பைக்கூடக் கழற்றாமல் படியில் உட்கார்ந்துவிடுவாள். ஏதாவது கேட்டால், "தொண்டை வத்திப்போச்சு, பொறவு பேசுவோம்" என்பாள். போன வாரம் நெஞ்சு கனக்கிறது என்று இரண்டு நாள் லீவு கேட்டிருந்தாள். தலைமையாசிரியை லேகா கொடுக்கவில்லை.

லேகா டீச்சரிடம் கேட்பதற்கு ஜெயதாஸ் ஒரு கேள்வி வைத்திருந்தார். இப்பம் லீவு குடுப்பியளா டீச்சரே? காலையிலிருந்து மனதுக்குள் அதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு மூன்று மணிக்கு லேகா டீச்சர் வந்தார். தோள்பையை இறக்காமலே சவப்பெட்டியருகில் நின்றார்.

"அண்ணே, அவ லீவு கேட்டா. நாந்தான் இன்ஸ்பெக்‌ஷன் கழியட்டுன்னு சொன்னேன்." ஜெயதாஸ் வாயெடுக்குமுன் அவரே ஆரம்பித்தார். "வேற ஆளில்ல. ஒண்ணாங்கிளாஸ நானாக்கும் எடுக்கியேன். எனக்க ஆபரேஷனுக்கு டாக்டர் குறிச்சுத் தந்த தேதி போய் நாலு மாசம் ஆச்சு."

ஜெயதாஸ் அவருடைய முகத்தைப் பார்த்தார்.

"அவளுக்கு எம்மேல கோவம் உண்டுமா?"

"கோவப்படதுக்கும் தெம்பு வேணும்லா டீச்சரே" என்றார் ஜெயதாஸ். கொஞ்சம் கழித்து, "இரிங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார்.

கால்மணி நேரம் ஆகியிருக்காது. லேகா டீச்சரின் தலை சுவரில் சாய்ந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. பெட்டியைப் பார்க்க வந்தவர்கள் அவரையும் பார்த்தார்கள்.

மகள் லிஷா அருகில் வந்தாள். "அப்பா, எல்லாரும் பாக்காவ. எழுப்பட்டா?"

"வேண்டாம் மக்கா."

முற்றத்தில் திருச்சபையின் பாட்டுக்காரர்கள் வந்து, புத்தகங்களைத் திறந்து வரிசையாக நின்றார்கள். ஜெயதாஸ் வெளியே போய், முன்னால் நின்ற பொன்னுதாஸின் கையைப் பிடித்தார்.

"கொஞ்சம் கழிஞ்சு பாடலாம்."

பொன்னுதாஸ் வீட்டுக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்தார். அவர்கள் புத்தகங்களை மூடிக்கொண்டு அயனிமர நிழலுக்கு நகர்ந்தார்கள்.