ஆடி மாதத்து மணமகள் அறை

முதல் வாரம் ஷாஹிதா செய்த பரிசோதனை முழுவதும் வீணாகிப் போனது.

சென்னையில் பொதுச் சுகாதார முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். எட்டு வாரக் களப்பயிற்சிக்காக வகுப்புத் தோழர்கள் நேபாளம், கென்யா என்று கிளம்ப, அவள் பனியன் கம்பெனிகள் நிறைந்த சொந்த ஊரான நெருப்பெரிச்சலுக்கே வந்திருந்தாள். துணி பின்னும் நிட்டிங் மெஷின் இரைச்சலில் வேலை செய்கிறவர்களின் காது எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பீப் சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்குவது. அவ்வளவுதான் சோதனை. பனியன் கம்பெனி ஒன்றின் ஆபீஸ் அறைக் கதவைச் சாத்திவிட்டுப் பதினொரு பேரைச் சோதித்தாள். பதினொரு பேருக்கும் காது மந்தம் என்று வந்தது. சந்தேகப்பட்டுத் தானே மாட்டிப் பார்த்தாள். அவளுக்கும் மந்தம். சுவருக்கு அந்தப் பக்கம் மெஷின் ஓடினால் யாருக்குத்தான் கேட்கும்?

வெள்ளிக்கிழமை வீடியோவில் பேராசிரியை அத்தனையையும் தள்ளிவிட்டார். "அமைதியான இடம் வேணும் ஷாஹிதா. வர்றவங்க முந்தின ராத்திரியிலிருந்தே மெஷினை விட்டு விலகி இருந்திருக்கணும். இல்லேன்னா இந்தக் கணக்கு எதுக்கும் ஆகாது."

ஞாயிறு லீவு, அது சரி. இடத்துக்கு எங்கே போவது? வழி சொன்னது அம்மா சைதுன்னிசாதான். "ஆடி மாசம். கல்யாண மண்டபம் பூட்டித்தான கெடக்குது?"

மண்டபமும் கம்பெனியும் ஒருவருடையதே. முதலாளி செங்கோட்டையன், இளவயதில் இருபது வருடம் மெஷின் ஓட்டிய பிறகு சொந்தமாகத் தொழில் தொடங்கியவர். ஷாஹிதாவைத் திருப்பித் திருப்பிச் சொல்ல வைத்தார். சம்மதமில்லை போலிருக்கிறது என்று நினைத்தாள். ஆனால் சாவியை எடுத்து நீட்டினார். "சும்மா கெடக்கறதுதானே, எடுத்துக்க அம்மிணி. என்ற ஆளுகளுக்கு ஒண்ணும் இருக்காது, பாரு."

மணமகள் அறையில் கனத்த திரைச்சீலை, தரைவிரிப்பு, சுற்றிலும் பல்பு வைத்த பெரிய கண்ணாடி. ஹெட்போனை மாட்டிப் பார்த்தாள். மிக மெல்லிய பீப்கூடத் தெளிவாகக் கேட்டது. அவளுக்கு உயிர் வந்தது.

ஞாயிறு காலை பத்து மணிவரை ஒருவரும் வரவில்லை. பிறகு ராபின் வந்தான். தூத்துக்குடிப் பக்கத்துக்காரன், ஆறு வருடமாக இங்கே ஆபரேட்டர். உட்காரக்கூட இல்லை.

"பயலுவ ஒருத்தனும் வரமாட்டான்க்கா. காது கேக்கலன்னு எழுதிட்டா சோலி போயிரும்லா?"

"பேரே எழுதறதில்லீங்க. நம்பர் மட்டும்தான். யாருக்கு என்னன்னு முதலாளிக்குத் தெரியாது."

"அது ஒங்களுக்குத் தெரியும். எங்களுக்கு எப்படித் தெரியும்?"

ஷாஹிதா பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டாள்: "என்ன செஞ்சா நம்புவீங்க?"

ராபின் சிரித்தான். "மொதலாளி வந்து இந்த நாற்காலியில உக்காரட்டும். நாங்களும் உக்காருதோம்."

விளையாட்டாகச் சொன்னதை அவள் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. நேரே முதலாளி வீட்டுக்குப் போனாள். செங்கோட்டையன் மழுப்பினார். அவர் மனைவி ரங்காத்தாள்தான் முடிவு கட்டினாள். "போயிட்டு வாங்க. மூணு தரம் கூப்பிட்டாத்தானே திரும்பறீங்க."

அடுத்த ஞாயிறு, முதலாளியே வருகிறார் என்று கேள்விப்பட்டு, மண்டப வாசலில் எட்டு ஆபரேட்டர்கள் நின்றிருந்தார்கள். அவர்களைத் தாண்டி உள்ளே வந்த செங்கோட்டையன் கண்ணாடி முன் கூச்சத்தோடு உட்கார்ந்தார். கனத்த, தாழ்ந்த சத்தங்களுக்குப் பொத்தானை அமுக்கினார். கீச்சுச் சத்தங்களுக்கு மாற்றியதும் கை அசையவில்லை. ஷாஹிதா ஒலியைக் கூட்டினாள். இன்னும் கூட்டினாள். ஹெட்போனைத் தாண்டி அவள் காதுக்கே அந்தக் கீச்சு எட்டியது. அவர் திரும்பிப் பார்த்தார்.

"ஏனம்மிணி, இன்னும் ஆரம்பிக்கலியா?"

அவள் ஹெட்போனைக் கழற்றி வைத்தாள். வரைபடத்தைக் காட்டி, உரக்கவும் நிதானமாகவும் சொன்னாள். "போனது திரும்பி வராதுங்கய்யா. மிச்சம் இருக்கறதக் காப்பாத்திக்கலாம். காது டாக்டரைப் பாருங்க, காதுல மெஷின் வெச்சா பேச்சு தெளியும்."

அவர் தாளைக் கையில் வாங்கினார். "ஊட்டுல எல்லாரும் வாய்க்குள்ளயே பேசறாங்கன்னு நெனச்சுட்டு இருந்தேன்" என்றார் மெதுவாக. பிறகு எழுந்து, யாரும் கேட்காமலே தாளோடு வாசலுக்குப் போனார்.

"இங்கிருக்கறதுலயே எனக்குத்தான் நொம்ப மோசமா இருக்கும் போல. என்னைய யாரு வேலைய உட்டு நிறுத்தறது? போங்க, போயி உக்காருங்க. என்ன வந்தாலும் வேலை போகாது, நான் சொல்றேன்."

முதலில் நுழைந்தவன் ராபின். அவன் வரைபடத்தில் ஓரிடத்தில் மட்டும் சின்னப் பள்ளம்; அந்தச் சுருதி மட்டும் கொஞ்சம் குறைவாகக் கேட்கிறது. இப்போதே காதுக்கவசம் போட்டால் அதோடு நிறுத்திவிடலாம் என்றாள். "அப்ப இன்னைக்கே வாங்கித் தரச் சொல்லுங்க" என்றான்.

கவசங்கள் பத்து நாளில் வந்தன. ஷிப்டில் பாதி நேரம் மெஷினிலும் பாதி நேரம் இரைச்சலில்லாத துணி செக்கிங்கிலுமாக ஆட்களை மாற்றிவிடவும் செங்கோட்டையன் ஒத்துக்கொண்டார். அந்தப் பதினொரு பேரின் தவறான சோதனையையும், அது ஏன் தவறியது என்பதையும் அறிக்கையில் மறைக்காமல் எழுதச் சொன்னார் பேராசிரியை.

ஆடியின் கடைசி ஞாயிறு, விஷயம் கேள்விப்பட்டுப் பக்கத்து யூனிட்டிலிருந்து ஜார்க்கண்ட் பையன்கள் இருபது பேர் வந்தார்கள். ஷாஹிதாவுக்குத் தெரிந்த இந்தி நாலு வார்த்தை. ராபின் அவளை உட்காரச் சொல்லிவிட்டு, ஹெட்போனைக் கையில் தூக்கிக் காட்டி, "ஆவாஸ் ஆயே தோ தபானா, பயப்படாதீங்கலே" என்று, சத்தம் கேட்டால் அமுக்கச் சொல்லி, வரிசையை உள்ளே அனுப்பத் தொடங்கினான். அவள் புதுக் கட்டின் முதல் தாளில், பெயர் கேட்காமல், ஒன்று என்று எண் போட்டாள்.